தண்டையார்பேட்டையில் செர்ரி இறால்: மூன்று வாரத்தில் 20-இல் 11 போய்விட்டன, காரணம் தெரியவில்லை

மூன்றாம்மாடி (தண்டையார்பேட்டை) | மார்ச் 9, இரவு 10:40

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகளாகத் தங்கமீன் வளர்க்கிறேன். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கேட்டதற்காகக் கொளத்தூரில் 20 செர்ரி இறால் (அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் சின்னச் சிவப்பு இறால்) வாங்கி வந்தேன். 45 லிட்டர் தொட்டி, ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஜாவா பாசி, அடியில் கருமணல். இறால் வாங்கும் முன்பே தொட்டியை ஐந்து வாரம் ஓடவிட்டேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம்.

மூன்று வாரத்தில் 11 இறந்துவிட்டன. மொத்தமாக அல்ல, இன்று ஒன்று, நாளை இரண்டு என்று போகின்றன. இரண்டு இறாலின் கழுத்தருகே மோதிரம் போட்டதுபோல வெள்ளைக் கோடு இருந்தது. தண்ணீர் 29 முதல் 30 டிகிரி. பி.எச். 8. ஞாயிறுதோறும் பாதித் தண்ணீரை மாற்றுகிறேன். தண்ணீர் எங்கள் குடியிருப்பின் சம்ப்பிலிருந்து வருகிறது, ஒருநாள் முன்பே டிரம்மில் பிடித்து வைத்துவிடுகிறேன். தினமும் காலையில் மகள் எண்ணிப் பார்க்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்ன தவறு செய்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

வியாசை | மார்ச் 9, இரவு 11:05

அறையில் கொசுவிரட்டித் திரவம் போடுகிறீர்களா? போடுகிறீர்கள் என்றால் வேறு காரணமே தேட வேண்டாம். இறாலும் கொசுவும் கணுக்காலி இனம். கொசுவைக் கொல்வது இறாலையும் கொல்லும்.

மூன்றாம்மாடி | மார்ச் 9, இரவு 11:12

போடுகிறோம். வடசென்னையில் மாலை ஆறு மணிக்குமேல் போடாமல் உட்கார முடியாது. ஆனால் தொட்டி கூடத்தில் இருக்கிறது, திரவம் படுக்கையறையில்.

சிமெண்ட்தொட்டி (கொளத்தூர்) | மார்ச் 10, காலை 6:20

தம்பி, அவசரப்பட்டு எதையும் மாற்ற வேண்டாம். முதலில் சில கேள்விகள். கடையிலிருந்து கொண்டுவந்த அன்று தொட்டியில் எப்படி விட்டீர்கள்? சம்ப்பில் என்ன தண்ணீர், மெட்ரோ தண்ணீரா, போர்வெல்லா, இரண்டும் கலந்ததா? தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறதா? இறந்த தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறீர்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

கொசுவிரட்டியால் இறால் சாகும் என்று வியாசை சொல்வது உண்மை. ஆனால் அது கொல்லும் விதம் வேறு. கொசுவிரட்டியில் இருக்கும் பைரெத்ராய்டு என்ற மருந்து தண்ணீரில் இறங்கினால் இறால்கள் வெறிபிடித்ததுபோல் சுழலும், முதுகில் விழுந்து காலை உதறும், சில மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். மூன்று வாரம் ஒன்றொன்றாகப் போவது அதன் குணம் அல்ல. கழுத்தில் வெள்ளை மோதிரம் என்றால் சட்டை உரிக்கும்போது மாட்டிக்கொண்டது என்று பொருள். பழைய ஓடு தலைக்கும் உடலுக்கும் இடையே ஒரு பிளவு விட்டுத் திறக்கும், அதன் வழியாக இறால் வெளியே துள்ளிவிடும். உடம்பு தயாராகாத நேரத்தில் ஓடு சுற்றிலும் வெடித்துவிட்டால் வெளியே வர முடியாது. அதுதான் அந்த மோதிரம்.

மூன்றாம்மாடி | மார்ச் 10, இரவு 9:15

ஐயா, மிக்க நன்றி. கவரைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். தங்கமீனுக்கு அப்படித்தான் செய்வேன். சம்ப்பில் மெட்ரோ தண்ணீரும் வரும், அது வராத நாளில் காவலாளி போர்வெல் மோட்டாரைப் போட்டு நிரப்புவார். மீட்டர் இன்றுதான் வாங்கினேன். தொட்டியில் 820 காட்டுகிறது.

தேதிகளை மகள் பள்ளி நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறாள். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 11-இல் 9 இறால்கள் திங்கள், செவ்வாய், புதன் கிழமைகளில் இறந்திருக்கின்றன. மீதி இரண்டும் வாங்கி வந்த மறுநாள். வெள்ளி, சனியில் ஒன்றுகூட இல்லை.

எண்ணூர்க்காரி | மார்ச் 10, இரவு 9:40

ஞாயிறு தண்ணீர் மாற்றம். பாப்பாவைப் பாராட்டுங்கள், பாதி வழக்கை அவளே முடித்துவிட்டாள்.

சிமெண்ட்தொட்டி | மார்ச் 11, காலை 5:50

எண்ணூர் அம்மா சொன்னதுதான். இப்போது ஒரு வேலை செய்யுங்கள் தம்பி. ஒரு வாரம் தினமும் சம்ப்புத் தண்ணீரை மீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இறால் வாங்கிய கடையிலிருந்து அரைக் குவளைத் தண்ணீர் கேட்டு வாங்கி அதையும் பாருங்கள். அதுவரை தண்ணீர் மாற்ற வேண்டாம், தீனியும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். பாசியில் படிந்திருப்பதே அவற்றுக்குப் போதும்.

மூன்றாம்மாடி | மார்ச் 17, இரவு 8:30

ஏழு நாள் கணக்கு: 340, 360, 910, 1180, 1240, 520, 350. கடைத் தண்ணீர் 310.

ஒரே குழாய். ஒரே வாரம். இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இந்த வாரம் தண்ணீர் மாற்றவில்லை, ஒன்றும் இறக்கவில்லை. 9 இறால்கள் இருக்கின்றன.

வியாசை | மார்ச் 17, இரவு 8:55

சரி, தண்ணீர்தான் காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கொசுவிரட்டியை அந்த வீட்டில் வைக்கவே கூடாது என்பது என் கருத்து, அதில் மாற்றமில்லை. இனிமேல் முழுக்க ஆர்.ஓ. தண்ணீர், அதாவது உப்பு நீக்கிய கேன் தண்ணீர் ஊற்றுங்கள், தொல்லை முடிந்தது.

பொன்னேரி மாணவன் | மார்ச் 17, இரவு 9:30

அண்ணா, வெறும் ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம். நான் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படிக்கிறேன். புதிய ஓடு கெட்டிப்படுவதற்கான சுண்ணச்சத்தில் பெரும்பகுதியை இறால் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் அது இல்லை. அதில் விட்டால் மறுபடியும் சட்டை உரிக்கும் சிக்கல்தான். செர்ரி இறாலுக்குப் பொதுக் கடினத்தன்மை (தண்ணீரில் உள்ள சுண்ணம், மக்னீசியத்தின் அளவு) 6 முதல் 8 டிகிரியும், டி.டி.எஸ். 150 முதல் 300-க்குள்ளும் இருந்தால் நிம்மதியாக இருக்கும்.

வியாசை | மார்ச் 17, இரவு 9:48

அப்படியானால் போர்வெல் தண்ணீரோடு கேன் தண்ணீரைக் கலக்கலாமே. போர்வெல் 1200, கேன் 40. ஒரு பங்குக்கு நாலு பங்கு கலந்தால் 270 வரும். செலவும் குறைவு.

சிமெண்ட்தொட்டி | மார்ச் 18, காலை 6:05

கணக்கு சரி வியாசை. நானும் இங்கே கொளத்தூரில் அப்படித்தான் கலக்கிறேன். ஆனால் தண்டையார்பேட்டைக்கு அதைச் சொல்ல மாட்டேன். மீட்டர் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று சொல்லுமே தவிர, என்ன உப்பு என்று சொல்லாது. கடலோரத் தெருக்களில் போர்வெல் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும். அந்த 1200-இல் பெரும்பகுதி சோற்றுப்பாக இருந்தால், கலந்த பிறகு 270 காட்டும் தண்ணீரில் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணம் இருக்காது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சேதி. மாணவத் தம்பி அதைப் பற்றிப் படித்திருப்பார்.

ஆகவே கேன் தண்ணீர், அதில் இறாலுக்கென்று விற்கும் தாது உப்புப் பொடி. கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்துக் குப்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 7 டிகிரி வரும்வரை பொடியைக் கலந்து, அந்த அளவை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 45 லிட்டர் தொட்டிக்கு ஒரு கேன் இரண்டு வாரம் வரும், பெரிய செலவு இல்லை.

இப்போது இருக்கும் 820-ஐ ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள். அதுவும் கொலைதான். வாரம் இரண்டு முறை 5 லிட்டர் எடுத்துவிட்டு, புதுத் தண்ணீரை மருந்துக் கடையில் கிடைக்கும் டிரிப்ஸ் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரண்டு மாதத்தில் 300-ஐ ஒட்டி வந்துவிடும். அதன்பிறகு வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும். புது இறால் வாங்கி வந்தாலும் இதே குழாய்தான், நொடிக்கு இரண்டு சொட்டு, இரண்டு மணி நேரம். தங்கமீன் தாங்கும் தம்பி, அது பழகிய உடம்பு. இறால் அப்படி அல்ல.

1985-இல் தீப்பிடித்த பழைய மூர் மார்க்கெட்டில் என் தகப்பனாரோடு போய் மீன் வாங்கிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். கப்பி, மோலி, ஏஞ்சல் எல்லாம் சிமெண்ட் தொட்டியில் பெருக்கியிருக்கிறேன். இறாலுக்கு வந்தபோது நானும் முதல் இரண்டு தொட்டிகளை இப்படித்தான் இழந்தேன். எனக்கு அப்போது சொல்ல ஆளில்லை.

மூன்றாம்மாடி | மார்ச் 18, இரவு 10:10

ஐயா, அப்படியே செய்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை (கணவாய் ஓடு) கிடைக்கிறதே, அதைத் தொட்டியில் போட்டால் சுண்ணம் வருமா? காசிமேட்டில் கணவாய் வெட்டும் இடத்தில் கேட்டால் ஓட்டைச் சும்மாவே கொடுப்பார்கள்.

பொன்னேரி மாணவன் | மார்ச் 18, இரவு 10:35

உங்கள் தொட்டியில் பி.எச். 8. அந்தத் தண்ணீரில் கடல்நுரை கரைவது மிகமிகக் குறைவு. பி.எச். 7-க்குக் கீழே இருக்கும் தொட்டியில்தான் அது நன்றாக வேலை செய்யும். போட்டால் கெடுதல் இல்லை, இறால்கள் அதன்மேல் உட்கார்ந்து சுரண்டும். ஆனால் அதை நம்பித் தாது உப்பை விட்டுவிடாதீர்கள்.

எண்ணூர்க்காரி | மார்ச் 19, மதியம் 2:20

கொசு விஷயத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். வியாசை சொல்வதில் பாதி எனக்கு நடந்தது. இரண்டு வருடம் முன் மார்கழி மழை விட்ட சமயம், எங்கள் தெருவில் இரவு கொசுப்புகை அடித்தார்கள். சன்னல் திறந்திருந்தது. வீட்டுக்குள் புகை வந்ததும் பிள்ளைகளை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். தொட்டியை நினைக்கவில்லை. காலையில் 60-க்கும் மேற்பட்ட இறால்கள் மணலில் சிவப்பாகக் கிடந்தன. அதே தொட்டியில் இருந்த கப்பிகள் ஒன்றும் நடக்காததுபோல நீந்திக்கொண்டிருந்தன. அன்று முழுவதும் நான் அடுப்படிப் பக்கம் போகவில்லை.

பிறகுதான் யோசித்தேன். ஏர் பம்ப் அறையில் இருக்கும் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது. புகையையும் அதுதானே இழுத்திருக்கும்? இப்போது தெருமுனையில் புகை வண்டிச் சத்தம் கேட்டாலே முதல் வேலை பம்ப்பை நிறுத்துவது, ஈரத்துணியால் தொட்டியை மூடுவது, சன்னலைச் சாத்துவது. ஒரு மணி நேரம் கழித்து, காற்று தெளிந்த பிறகு திறப்பேன். ஒரு மணி நேரம் பம்ப் இல்லாவிட்டால் ஸ்பாஞ்ச் ஒன்றும் கெடாது. அன்றிலிருந்து இதுவரை இழப்பு இல்லை.

படுக்கையறையில் திரவம் போடுவதாக இருந்தால் பம்ப்பை அந்தச் சுவர் ஓரத்தில் வைக்காதீர்கள். கொசுவலை கட்டினால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் வலைக்கு மாறிவிட்டோம்.

வியாசை | மார்ச் 19, மாலை 6:45

பம்ப் காற்றை இழுப்பதை நான்கூட நினைக்கவில்லை அக்கா. நன்றி. கடையில் வாங்கும் செடிகளிலும் பூச்சிமருந்து இருக்கும், ஒரு வாரமாவது தனி வாளியில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகு போடுங்கள். மீனுக்குப் போடும் மருந்துகள் சிலவற்றில் செம்பு இருக்கும், அதுவும் இறாலுக்கு ஆகாது. அட்டையைப் படிக்காமல் ஒரு சொட்டுகூட விடாதீர்கள்.

திருவொற்றியூர் தேரடி | மார்ச் 22, காலை 11:00

இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். புழல் ஏரிப் பக்கம் மீன் விற்பவர் கூடையில் கண்ணாடி மாதிரி சின்ன இறால்கள் உயிரோடு இருந்தன. அவற்றைச் செர்ரியோடு விடலாமா?

பொன்னேரி மாணவன் | மார்ச் 22, மதியம் 1:15

விட வேண்டாம். நம் ஏரி, ஆறுகளில் கிடைக்கும் இறால்களில் பெரும்பாலானவை மேக்ரோப்ராக்கியம் வகை. முன்கால் ஒரு ஜோடி நீளமாக, நுனியில் கொடுக்கோடு இருக்கும். நாம் சாப்பிடும் நீலக்கால் நன்னீர் இறாலும் அந்த இனம்தான். வளர வளரச் செர்ரியைப் பிடித்துத் தின்றுவிடும். பல வகைகளின் குஞ்சுகளுக்கு உப்பு கலந்த முகத்துவாரத் தண்ணீர் வேண்டும், வீட்டுத் தொட்டியில் பெருகாது. பாசி தின்பதற்காகப் பலர் வாங்கும் அமானோ இறாலும் அப்படியே, சினை பிடிக்கும், குஞ்சு தங்காது. தைவான், கிழக்குச் சீனப் பகுதியைச் சேர்ந்த செர்ரிக்குத்தான் அந்தத் தொல்லை இல்லை. முட்டையிலிருந்து நேராகச் சின்ன இறாலாகவே வெளியே வரும்.

சிமெண்ட்தொட்டி | மார்ச் 22, மாலை 4:40

அதேபோல், வளர்த்தது போதும் என்று ரெட்டேரியில் கொண்டுபோய் விடுகிற வேலையையும் யாரும் செய்யாதீர்கள். தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் விட்டு, இன்று வலை போடுகிறவர்கள் படும் பாட்டைப் பார்க்கிறோம். முள்ளும் ஓடும் வலையைக் கிழிக்கிறது, விலையும் போவதில்லை. வேண்டாத இறாலை வளர்ப்பவரிடம் கொடுங்கள், கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

மூன்றாம்மாடி | ஏப்ரல் 27, இரவு 9:20

டி.டி.எஸ். 430-க்கு இறங்கிவிட்டது. 9 இறாலும் இருக்கின்றன. இரண்டு முறை வெள்ளையாக ஏதோ கிடந்து மகள் அழுதுவிட்டாள். பார்த்தால் உரித்த சட்டை, கண் இருந்த இடம்கூடக் கண்ணாடிபோல. எடுக்காமல் விட்டோம், மறுநாள் அவையே தின்றுவிட்டன.

இப்போது வேறு கவலை. அக்னி நட்சத்திரம் தொடங்க ஒரு வாரம் இருக்கிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழ் வீடு. மதியம் தண்ணீர் 32 டிகிரி.

பொன்னேரி மாணவன் | ஏப்ரல் 27, இரவு 10:05

20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் இறாலின் உடல் வேகமாக இயங்கும், மூச்சும் அதிகம் தேவைப்படும். வேண்டும்போதுதான் குறைவாகக் கிடைக்கிறது. ஏர் பம்ப்பை நிறுத்தாமல் ஓடவிடுங்கள், மின்வெட்டுக்கு பேட்டரி பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

எண்ணூர்க்காரி | ஏப்ரல் 28, காலை 7:30

மூடியை எடுத்துவிட்டு, சின்ன மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் படும்படி வையுங்கள். மண்பானை குளிர்வது எப்படியோ அப்படித்தான். நம் கடற்காற்று ஈரமானது, ரொம்ப இறங்காது, இரண்டு டிகிரியாவது குறையும். தண்ணீர் வேகமாக வற்றும். வற்றிய அளவுக்கு வெறும் கேன் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், தாது உப்பு கலந்ததை அல்ல. ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. ஐஸ் பாட்டிலை உள்ளே போட வேண்டாம், அரைமணி குளிர்ந்து மறுபடி சுடுவது இன்னும் மோசம். விளக்கை மதியம் அணைத்து, மாலையில் மட்டும் போடுங்கள்.

மூன்றாம்மாடி | ஜூன் 1, இரவு 8:50

அக்னி நட்சத்திரம் முடிந்தது. அதிகபட்சம் 31 போனது. 8 இருக்கின்றன. இறந்த ஒன்று வாங்கும்போதே பெரியதாக இருந்தது.

சிமெண்ட்தொட்டி | ஜூன் 2, காலை 6:00

அது வயதாகப் போயிருக்கும். நம் சூட்டில் ஒன்று, ஒன்றரை வருடம்தான் இவற்றின் ஆயுள். அதனால்தான் கடையில் ஒரு சென்டிமீட்டர்க் குட்டிகளாகப் பார்த்து வாங்க வேண்டும். பெரியதும் சிவந்ததும் கண்ணுக்கு அழகு, ஆனால் நம் தண்ணீருக்குப் பழக அதற்கு நாள் மிச்சமில்லை.

தெருவில் நாட்டு வாதுமை மரம் இருந்தால் தானாக உதிர்ந்த காய்ந்த இலை இரண்டு எடுத்து, கழுவி, கொதிக்கவைத்துத் தொட்டியில் போடுங்கள். இலைமேல் படியும் மென்படலத்தை நாள் முழுவதும் மேயும். முருங்கையிலையும் தின்னும். பீர்க்கங்காயை வேகவைத்து ஒரு வில்லை போட்டால் கூட்டமாக வந்து மொய்க்கும், சில மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கடைக்கீரையை மட்டும் நான் போட மாட்டேன், தெளித்த மருந்து என்னவென்று நமக்குத் தெரியாது.

மூன்றாம்மாடி | ஜூன் 15, இரவு 7:10

அவசரம். நான்கைந்து இறால்கள் ஒரு மணி நேரமாகத் தொட்டி முழுக்கப் பைத்தியம்போலச் சுற்றி நீந்துகின்றன. பைரெத்ராய்டு என்றால் சுழலும் என்று சொன்னீர்களே? இன்று எங்கும் மருந்து அடிக்கவில்லை.

சிமெண்ட்தொட்டி | ஜூன் 15, இரவு 7:18

முதுகில் விழுகின்றனவா? காலை உதறுகின்றனவா?

மூன்றாம்மாடி | ஜூன் 15, இரவு 7:21

இல்லை. நேராகத்தான் நீந்துகின்றன. சின்னவை மட்டும். ஒரு பெரிய இறால் பாசிக்குள் ஒளிந்திருக்கிறது. மூலையில் உரித்த சட்டை ஒன்று கிடக்கிறது.

சிமெண்ட்தொட்டி | ஜூன் 15, இரவு 7:25

பயப்படாதீர்கள் தம்பி. நல்ல சேதி. பெண் இறால் சட்டை உரித்ததும் தண்ணீரில் ஒரு வாசனை பரவும், ஆண்கள் அதைத் தேடித்தான் அலைகின்றன. விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். நாளைக் காலை அந்தப் பெண்ணின் வயிற்றடியைப் பாப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி | ஜூன் 16, காலை 6:35

சினை பிடித்திருக்கிறது. மஞ்சள் முட்டைகள், 25 இருக்கும் என்கிறாள் மகள். காலால் விசிறிக்கொண்டே இருக்கிறது. பள்ளிக்குப் போக மாட்டேன் என்று தொட்டி முன் உட்கார்ந்திருக்கிறாள்.

எண்ணூர்க்காரி | ஜூன் 16, காலை 7:00

இன்று ஒருநாள் தாமதமாகப் போனால் குற்றமில்லை. மூன்று வாரத்தை ஒட்டிப் பொரிக்கும். அதுவரை தொட்டிக்குள் கைவிட வேண்டாம்.

மூன்றாம்மாடி | ஜூலை 8, இரவு 10:30

கடுகில் பாதி அளவு. கண்ணாடியில் ஒட்டி நடக்கின்றன. மகள் டார்ச் விளக்கு வைத்து 17 வரை எண்ணினாள், அதற்குள் இடம் மாறிவிடுகின்றன.

ஒரு கேள்வி ஐயா. வரும் ஞாயிறு குடியிருப்பின் சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடப் போவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். நான் கேன் தண்ணீர்தானே பயன்படுத்துகிறேன், பயமில்லையே?

சிமெண்ட்தொட்டி | ஜூலை 9, காலை 5:45

தண்ணீருக்குப் பயமில்லை. வாளி, குவளை, டிரிப்ஸ் குழாய் இவற்றை அந்த வாரம் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், கேன் தண்ணீரிலேயே அலசுங்கள். தங்கமீன் தொட்டிக்கு அந்தத் தண்ணீர்தான் என்றால் சனிக்கிழமையே பிடித்து வைத்துவிடுங்கள்.

குட்டிகள் அரை சென்டிமீட்டர் ஆனதும் எழுதுங்கள். என்னிடம் வேறு வம்சத்தில் வந்த சிவப்பு இறால் பத்து இருக்கிறது, பாப்பாவுக்காக எடுத்து வைக்கிறேன்.